கடலுக்கு ஓய்வு, கடலோடிக்குப் பட்டினி!

சித்திரை முதல் தேதி தமிழ்நாட்டு வீடுகளில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும் வைத்துப் புது வருஷம் கொண்டாடுகிறார்கள். அன்று நள்ளிரவோடு திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகளின் இயந்திரங்கள் நின்றுவிடுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகும் இழுவைப் படகும் கடலில் இறங்கக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம், கடலுக்கு ஓய்வு வேண்டும் என்று சர்க்கார் சொல்கிறது.

2001-ல் இந்தத் தடை வந்தபோது 45 நாட்கள். 2017 முதல் 61 நாட்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தேதிகளை நிர்ணயிப்பதில் சர்க்காருக்கு ஒரு குழப்பமும் இல்லை. கடலின் பசியைப் பற்றி அதிகாரிகள் நிறையப் பேசுகிறார்கள். கரையில் இருக்கிறவனின் பசியைப் பற்றிக் கேட்டால்தான் அவர்களுடைய நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஆரம்பத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடலுக்கு ஓய்வு வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. கடல் வற்றினால் முதலில் சாகிறவன் கடலோடிதான். ஏற்றுமதிக் கம்பெனிக்காரன் அல்ல. அவன் பணத்தைத் தூக்கிக்கொண்டு வேறு வியாபாரத்துக்குப் போய்விடுவான். ஆகவே கடலைக் காப்பதில் மற்ற எல்லோரையும்விட உழைப்பாளிக்கே அக்கறை அதிகம். நமது கேள்வி வேறு. இந்த ஓய்வு யாருடைய செலவில் நடக்கிறது? இதன் பலன் யாருடைய பெட்டிக்குப் போகிறது?

சித்திரைக் கடல்

கடலைப் பற்றித் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் புயலும் நமது கரையைப் புரட்டி எடுக்கின்றன. தை கழிந்து மாசி, பங்குனி வரும்போது கடல் அடங்குகிறது. வாடை விட்டுத் தென்பக்கத்துக் காற்று வருகிறது. தெற்கு நோக்கி ஓடிய நீரோட்டம் திரும்பி வடக்கே ஓடுகிறது. அலைவாயில் அடி தணிகிறது. விடியற்காலையில் கரைக்காற்று படகைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று அதைக் கரைக்குக் கொண்டுவரும். மோட்டார் வருவதற்கு முன் கட்டுமரக்காரன் பாய் விரித்ததெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கரைக்கு அருகே பத்துப் பாகத் தண்ணீருக்குள் நெத்திலி, சாளை, காரப்பொடி, கானாங்கெளுத்தி கூட்டமாக மேயும். அதற்கு அப்பால் பார்களில் சங்கராவும் விளைமீனும் கணவாயும். இன்னும் வெளியே நீலத் தண்ணீரில் சூரையும் வஞ்சிரமும். அக்கினி நட்சத்திரத்தில் கடலின் மேல்தண்ணீர் சுடும்போது மீன் கூட்டம் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பது கடலோடிகளின் அனுபவம். வைகாசியில் கச்சான் கிளம்பினால் அது நிலத்து அனலைச் சுமந்துகொண்டு கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். வெளியே போன சிறு படகு கரை திரும்பப் பாடுபட வேண்டும்.

அடங்கிய கடல் என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. தெற்கே வெகு தூரத்தில், இந்துமாக் கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலை பல நாள் பயணம் செய்து சித்திரை, வைகாசியில் குமரிக் கரையில் வந்து ஏறும். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் திருடனைப் போல வீட்டுக்குள் வரும். அதனால்தான் அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் இப்படி வந்த அலை ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரைக் குடித்தது. அவர்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். கடலோரத்திலேயே குடியிருக்கிறவனுக்கு இந்த அபாயம் வருஷம் தவறாமல் வருகிறது. கரையில் ஏற்றி வைத்த வள்ளமும் வலையும் போனால் மறுபடி வாங்க அவனுக்கு நாதியில்லை.

ஆகவே சித்திரை, வைகாசி என்பது மீன்பாடும் உண்டு, அபாயமும் உண்டு என்ற காலம். பிழைக்கத் தெரிந்தவன் பிழைக்கும் காலம். இந்தக் காலத்தைத்தான் விசைப்படகுத் தொழிலாளியிடமிருந்து சர்க்கார் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளட்டும். பதிலுக்கு என்ன கொடுக்கிறது?

எட்டாயிரத்தின் கணக்கு

தடைக்கால நிவாரணம் 2024-ல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் இன்னும் குறைவு. உயர்த்தியதற்கு மாலையும் மரியாதையும் நடந்தன. நாம் மாலை போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

8,000 ரூபாயை 61 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். ஐந்து வாய் உள்ள குடும்பத்தில் ஒரு வாய்க்கு 26 ரூபாய். இதில் அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளின் நோட்டு, சட்டை எல்லாம் அடக்கம்!

இதே சர்க்கார்கள் 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலி 319 ரூபாய். அதுவே போதாது என்று கிராமத்து உழைப்பாளிகள் போராடினார்கள். போதாத அந்தக் கூலியைக் கொண்டே கணக்கிட்டாலும் 61 நாளுக்கு 19,459 ரூபாய் ஆகிறது. கொடுத்தது 8,000. மீதி 11,459 ரூபாயை யார் கொடுத்தது? கடலோடிக் குடும்பம் கொடுத்தது. தன் வயிற்றைக் கட்டிக் கொடுத்தது. தேசத்தின் மீன் வளத்தைக் காக்க ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு ஏழைக் குடும்பமும் இவ்வளவு வரி செலுத்துகிறது. ஏற்றுமதிக் கம்பெனி இதற்காக ஒரு காசு செலுத்தியது உண்டா?

இந்த 8,000 கூட எல்லோருக்கும் கிடைக்கிறதா? துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், இறால் தோல் உரிக்கிற பெண்கள், மீன் தரம் பிரிக்கிற பெண்கள், வலை பொத்துகிற கிழவர்கள்: படகு நின்றால் இவர்கள் எல்லோருக்கும் வேலை நிற்கிறது. ஆனால் ஏட்டில் மீனவராகப் பதிவு இல்லாதவருக்கு நிவாரணம் இல்லை. ஒடிசாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து நமது படகுகளில் ரத்தம் சிந்துகிற தோழர்கள் வெறுங்கையோடு ரயில் ஏறுகிறார்கள்.

கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் சங்க வேலையாகப் போயிருந்தபோது, கூடை வியாபாரம் செய்யும் ஒரு தாயார் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. “தம்பி, தடைன்னா படகுக்குன்னுதான் சொல்றாங்க. என் கூடைக்கும் சேத்துத்தான் தடை. மீன் வெலை ஏறிப்போச்சு. என் கைமொதலுக்கு அரைக் கூடைதான் வருது. அரைக் கூடைக்கு பஸ்ஸுல ஏத்துக் கூலி முழுசாக் கேக்குறான். நாலு தெரு சுத்துனா காலு வலிதான் மிச்சம்.” தடையின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நிபுணர் குழுவும் எழுதிவிட முடியாது.

முன்பணம் என்னும் தூண்டில்

“மீனவனுக்குச் சேமிக்கத் தெரியாது. பாடு கிடைத்த அன்று அள்ளி வீசுவான், இல்லாத அன்று கையேந்துவான்” என்று நாற்காலியில் இருந்துகொண்டு உபதேசம் செய்கிறார்கள் சில பெரிய மனிதர்கள். இந்த உபதேசம் இப்போது நாகரிகமான பேச்சாகவும் ஆகிவிட்டது.

விசைப்படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்கு. ஏலத்தில் மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியும். பிறகு படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் பங்கு போகும். எஞ்சியதைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்கிறார்கள். டீசல் விலை ஏறினால் ஏற்றம் முழுவதும் தொழிலாளியின் பங்கிலேயே விழுகிறது. மீன்பாடு இல்லையென்றால் நாலு நாள் கடலில் கிடந்து வெறுங்கையோடு வருகிறான். நஷ்டத்தில் மட்டும் அவன் முழுப் பங்காளி! இப்படிப்பட்டவனைப் பார்த்து, ‘சேமித்து வை’ என்று சொல்வது பட்டினி கிடக்கிறவனை விரதம் இருக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

தடை வந்ததும் என்ன நடக்கிறது? 131 ரூபாயில் உலை கொதிக்காது. படகுக்காரரிடம் முன்பணம் வாங்குகிறான். அதை அடைக்கும் வரை வேறு படகு ஏற முடியாது. பங்கு குறைவு என்று வாய் திறக்க முடியாது. காய்ச்சல் என்று கரையில் படுக்க முடியாது. சிறு படகுக்காரர் நிலையும் இதுவே. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வர்ணம் பூசி, இயந்திரம் பழுது பார்க்கத் தடைக்காலம்தான் சமயம். அதற்குப் பணம் ஏது? ஏலக்காரரிடமும் கம்பெனி ஏஜெண்டிடமும் போகிறார். கடன் கொடுத்தவனுக்கே மீனைக் கொடுக்க வேண்டும். அவன் சொன்னதே விலை.

ஆக, தடைக்காலத்தில் மீன் பிடிப்பதுதான் நிற்கிறது. ஆள் பிடிப்பது நிற்பதில்லை. 61 நாளில் வாங்கிய கடன் மீதி 304 நாளும் தூண்டில் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது. நிவாரணத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்திருப்பதால் லேவாதேவிக்காரனுக்கு எவ்வளவு சௌகரியம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

அறுபத்திரண்டாம் நாள்

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிகிறது. எல்லாப் படகும் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. ஓய்வெடுத்த கடல் வாரி வழங்குகிறது. துறைமுகத்தில் மீன் குவிகிறது. குவிந்த மறுகணமே விலை சரிகிறது. வைத்து விற்கக் குளிர்பதனக் கிடங்கு கடலோடியிடம் இல்லை, கம்பெனிக்காரனிடம் இருக்கிறது. இரண்டு மாதப் பட்டினியின் கனியை அவன் மலிவாக வாங்கிக் கிடங்கில் அடுக்குகிறான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இழுவலையில் இறாலோடும் கணவாயோடும் சேர்ந்து விரல் நீளக் குஞ்சுகள் ஏராளமாக ஏறுகின்றன. மனிதர் தின்ன உதவாத இந்தக் ‘கழிசல்’ மீன் தூள் ஆலைக்குப் போகிறது. அங்கே அரைபட்டுக் கோழித் தீவனமும் இறால் பண்ணைத் தீவனமும் ஆகிறது. எந்தக் குஞ்சுகளைக் காக்க வேண்டும் என்று கடலோடியின் அடுப்பை 61 நாள் அணைத்தார்களோ, அதே குஞ்சுகள் 62-ஆம் நாள் முதல் டன் கணக்கில் அரவைக்குப் போகின்றன!

இது என்ன பாதுகாப்பு? களத்து மேட்டில் இரண்டு மாதம் காவல் போட்டுவிட்டு, அறுவடையன்று கதவைத் திறந்து பெருச்சாளியை உள்ளே விட்ட கதைதான். கண்ணி அளவைச் சட்டம் சொல்கிறது. இரட்டைமடி கூடாது என்று சட்டம் சொல்கிறது. இயந்திரத்தின் குதிரைத்திறனுக்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. சட்டப் புத்தகத்துக்குக் குறைவில்லை. அதைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்குத்தான் பெரிய படகுகளின் பக்கம் போகும்போது பார்வை மங்குகிறது.

மூன்று கடல் மைல் எங்கே?

இந்த வியாதியின் வரலாறு தெரிய வேண்டும். 1952-ல் நார்வே நாட்டோடு ஒப்பந்தம் செய்து கொல்லம் பக்கம் மீன்பிடி அபிவிருத்தித் திட்டம் தொடங்கினார்கள். ஏழை மீனவனின் வாழ்வை உயர்த்துவதே நோக்கம் என்றார்கள். ஆனால் அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு விலை கொடுக்கத் தொடங்கியதும் நோக்கம் மாறிவிட்டது. இறால் இருப்பது கரைக்கு அருகே, சேற்றுத் தரையில். ஆகவே ஆழ்கடலுக்குப் போக வேண்டிய இயந்திரப் படகு அண்மைக்கடலில் புகுந்து தரையைச் சுரண்டியது. கடனும் மானியமும் கொடுத்து இந்தப் படகுகளைப் பெருக்கியது சர்க்கார். கட்டுமரக்காரன் வலை அறுந்தது. மீன் குஞ்சு அழிந்தது. 1970-களில் கடற்கரையெங்கும் கலகம் வெடித்தது. உழைப்பாளியும் உழைப்பாளியும் கடலில் வெட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கலகத்துக்குப் பிறகு வந்ததுதான் 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் உரியது. விசைப்படகு அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது. நல்ல சட்டம். அது நடைமுறையில் இருக்கிறதா?

எந்தக் குப்பத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள். “வருஷத்தில் நமது வலை அறுபடாத காலம் எது?” என்று கேட்டால், “தடைக்காலம்” என்று நாட்டுப்படகுக்காரன் பளிச்சென்று பதில் சொல்வான். சிறு படகுகளுக்குத் தடை இல்லை. அந்த 61 நாளும் அண்மைக்கடல் அமைதியாக இருக்கிறது. இரவில் வலையைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கண் மூடலாம். ஐந்து பாகத் தண்ணீரிலேயே மீன்பாடு தெரிகிறது. சர்க்காரின் சட்டம் 365 நாளும் கொடுக்க வேண்டிய உரிமை அவனுக்கு 61 நாள் மட்டும்தான் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம்முடைய கரையில் மட்டுமல்ல. பாக் நீரிணைக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்து, மன்னார்க் கடலோடிகளும் இதே சாட்சியைச் சொல்கிறார்கள். நீண்ட யுத்தத்தில் கடலையே இழந்திருந்த அந்தத் தமிழ் உழைப்பாளிகள், நமது இழுவைப் படகுகள் நிற்கும் இந்த இரண்டு மாதங்களில்தான் பயமில்லாமல் வலை விரிக்கிறார்கள். இலங்கைக் கடற்படையின் கொடுமையை நாம் கண்டிக்கிறோம், தொடர்ந்து கண்டிப்போம். ஆனால் அக்கரை ஏழையின் வலையை அறுத்துக்கொண்டு வரும் இறால் இக்கரை ஏழையின் வயிற்றுக்குப் போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது கிடங்குக்குப் போய், கப்பலேறிவிடுகிறது. சிறைக்குப் போகிறவன் மட்டும் நம் தொழிலாளி.

“ஆழ்கடலுக்குப் போ!”

“அண்மைக்கடலில் நெரிசல். ஆழ்கடலில் சூரை கொட்டிக் கிடக்கிறது. நம் மீனவர்களுக்கு அங்கே போகத் தைரியமும் திறமையும் இல்லை” என்று ஒரு கூட்டம் சொல்லி வருகிறது. இது அறியாமை; அல்லது அறிந்தே சொல்லும் பொய்.

சோழமண்டலக் கரையில் வைகாசி, ஆனியில் கோலா மீன் பருவம். சிறகு விரித்துத் தண்ணீருக்கு மேலே பறக்கும் மீன். மோட்டாரும் திசைகாட்டியும் இல்லாத காலத்திலேயே நமது முன்னோர் இந்த மீனைத் தேடிக் கரை மறையும் தூரம் கட்டுமரத்தில் போனார்கள். இலைதழைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டார்கள். மிதக்கும் தழையில் முட்டையிடக் கோலா கூட்டம் கூட்டமாக வந்து சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்கார நிபுணர் ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களில் இதைப் பார்த்து எழுதி வைத்தார். அவர் எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே எழுத்தறியாத கடலோடி இதைக் கண்டுபிடித்துவிட்டான். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து உழைப்பாளிகள் இன்று சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடக்கிறார்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அவர்களைத்தான் வாரிக்கொண்டு போனது. எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தைரியமில்லாதது யார்? கடலோடியா, அவனுக்குச் செய்தி சொல்லும் வசதியைக்கூடச் செய்து வைக்காத சர்க்காரா?

ஆழ்கடல் மோகத்தின் வர்க்க முகத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 1991-ல் மத்திய சர்க்கார் புதிய ஆழ்கடல் கொள்கை என்ற பெயரில் அந்நியக் கம்பெனிகளின் கூட்டுக் கப்பல்களுக்குக் கதவைத் திறந்தது. தேசமெங்கும் மீனவ மக்கள் கட்டுமரக்காரன், விசைப்படகுக்காரன் என்ற பேதம் பாராமல் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முராரி கமிட்டி போடப்பட்டது. அந்த உரிமங்களை ரத்து செய்ய வேண்டும் என்று அந்தக் கமிட்டியே 1996-ல் சொல்ல நேர்ந்தது. ஐக்கியத்தின் பலம் அது.

2017-ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். மானியம் போக, பயனாளி கையிலிருந்து 8 லட்சம் கட்ட வேண்டும். 16 லட்சம் வங்கிக் கடன். முன்பணத்தில் மூழ்கிக் கிடக்கிற தொழிலாளிக்கு 8 லட்சம் எங்கே இருக்கிறது? 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட புதிய விதிகளில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்று எழுதியிருக்கிறார்கள். வரவேற்போம். ஆனால் அதே திட்டத்தில் நடுக்கடலிலேயே மீனை வாங்கிச் செல்லும் ‘தாய்க் கப்பல்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. நாம் கேட்கிறோம்: அந்தத் தாய் யார் வீட்டுத் தாய்? கூட்டுறவுச் சங்கத்தின் கப்பலா, கோடீஸ்வரனின் கப்பலா? கரையில் ஏலக்காரனின் பிடியில் இருக்கும் விலையை நடுக்கடலில் ஏகபோகக்காரனின் பிடியில் கொடுப்பதற்குப் பெயர் முன்னேற்றமா?

யார் எதிரி?

இங்கே நமது சொந்த மக்களிடமும் ஒரு வார்த்தை. நாட்டுப்படகுக்காரனுக்கு விசைப்படகுத் தொழிலாளி மேல் கோபம் வருகிறது. நியாயமான கோபம், வலை அறுந்தவனுக்குத்தான் வலி தெரியும். விசைப்படகுத் தொழிலாளியோ, “தடை எனக்கு மட்டும், உனக்கு இல்லையா?” என்று நாட்டுப்படகுக்காரன் மேல் சீறுகிறான். இந்தச் சண்டையில் ஆதாயம் அடைகிறவன் மூன்றாமவன். அவன் கடலில் இறங்குவதே இல்லை. அவனுக்குக் கடல் ஒரு கணக்குப் புத்தகம். தரையைச் சுரண்டு என்று படகை அனுப்புகிறவனும் அவனே. பங்கைச் சுரண்டுகிறவனும் அவனே. கடலடியைச் சுரண்டும் கையும் கடலோடியைச் சுரண்டும் கையும் ஒரே கை என்று தெரிந்துகொண்டால், குப்பத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உள்ள பகை மறையும்.

விசைப்படகுத் தொழிலாளித் தோழர்களே! மூன்று கடல் மைல் சட்டத்தை மீற உங்களை அனுப்புகிறவனுக்கு அபராதம் வந்தால் அதையும் உங்கள் பங்கில்தான் கழிக்கிறான். அந்த எல்லை உங்களுக்கு எதிரானது அல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் பிடிக்கப்போகும் மீன் அங்கேதான் வளர்கிறது. நாட்டுப்படகுத் தோழர்களே! 61 நாள் கரையில் நிற்கும் அவர்களுடைய பட்டினி உங்களுக்கு லாபம் அல்ல. கடனில் விழுந்தவன்தான் ஜூன் 15-ல் எல்லை தாண்டி உங்கள் வலையை அறுக்க வருகிறான்.

நமது கோரிக்கைகள்

கடலைக் காப்போம், கடலோடியையும் காப்போம். இதுவே நமது கோஷம். இதற்காக நாம் கேட்பவை:

1. தடைக்கால நிவாரணம் பிச்சையாக இருக்கக் கூடாது. கூலியாக இருக்க வேண்டும். கிராம வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலிக்குக் குறையாமல் 61 நாளுக்கும் கணக்கிட்டுத் தர வேண்டும். தடை தொடங்கும் முன்பே கையில் சேர வேண்டும்.

2. மீன் விற்கும் பெண்கள், துறைமுகத் தொழிலாளர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் அனைவரையும் பதிவு செய்து நிவாரணத்தில் சேர்க்க வேண்டும்.

3. நிவாரணச் செலவில் ஏற்றுமதிக் கம்பெனிகளும் மீன் தூள் ஆலைகளும் பங்கு செலுத்தச் சட்டம் வேண்டும். கடல் ஓய்வெடுப்பதால் லாபம் அடைகிறவன் செலவையும் ஏற்கட்டும்.

4. மூன்று கடல் மைல் எல்லையை வருஷம் முழுவதும் கண்டிப்பாக அமல் நடத்த வேண்டும். கண்காணிப்புக் குழுவில் நாட்டுப்படகு, விசைப்படகு இரு தரப்புத் தொழிலாளர்களுக்கும் இடம் வேண்டும்.

5. மீன் குஞ்சுகளைத் தூள் ஆலைகள் வாங்குவதைத் தடை செய்ய வேண்டும். வாங்குகிறவன் இல்லையென்றால் பிடிக்கிறவன் இருக்க மாட்டான்.

6. ஒவ்வொரு இறங்குதளத்திலும் கூட்டுறவு ஐஸ் கிடங்கும் ஏல மேடையும் வேண்டும். தடைக்காலத்தில் படகு பழுது பார்க்கவும் குடும்பச் செலவுக்கும் வட்டியில்லாக் கடன் கூட்டுறவுச் சங்கம் மூலம் வேண்டும்.

7. ஆழ்கடல் படகும் ‘தாய்க் கப்பலும்’ தொழிலாளர் கூட்டுறவுக்கே சொந்தமாக வேண்டும். நடுக்கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகுக்கும் புயல் செய்தி கேட்கும் கருவியை சர்க்கார் செலவில் தர வேண்டும்.

இவை அதிகமான கோரிக்கைகளா? ஒரு ஏழை நாட்டுக்கு இவ்வளவு முடியுமா என்று மந்திரிகள் கேட்கக் கூடும். இறால் ஏற்றுமதியில் தேசத்துக்கு டாலர் வருகிறது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறவர்கள், அந்த டாலரைக் கடலிலிருந்து தூக்கி வருகிறவனுக்குச் சோறு போட முடியாது என்று சொன்னால், மக்கள் அதை நம்பத் தயாராக இல்லை.

தடைக்காலத்தின் நடுவே ஒரு நாள் வருகிறது. மே முதல் தேதி. 1923-ல் அதே மே முதல் தேதியன்று, சென்னைக் கடற்கரை மணலில், இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கொடியை ஏற்றியவர் சிங்காரவேலர். 1860-ல் சென்னையின் மீனவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். தொழிலாளியின் விடுதலையைப் பற்றி முதல் முழக்கம் எழுந்தது ஆலை வாசலில் அல்ல, அலைவாய்க் கரையில். அந்தக் கரையில் இன்று படகுகள் வரிசையாக நிற்கின்றன, அடுப்புகள் அணைந்து கிடக்கின்றன.

மே தினத்தன்று நிற்கும் படகுகளின் அணியத்தில் செங்கொடி கட்டுவோம். கட்டுமரமும் விசைப்படகும் ஒரே கொடியின் கீழ் நிற்கட்டும். கூடை சுமக்கும் தாய்மார்கள் முன்னணியில் நடக்கட்டும். 61 நாள் கரையில் நிற்க வைத்தார்கள் அல்லவா? நிற்கிற நாட்களைச் சங்கம் கட்டும் நாட்களாக ஆக்குவோம். ஜூன் 15 விடியற்காலை கரைக்காற்றில் படகுகள் கிளம்பும்போது, கடனாளிகளாக அல்ல, அணி திரண்ட தொழிலாளிகளாகக் கிளம்புவோம்!